சரிவதற்கு முன் கண்டறிதல்: மீளுருவாக்க மருத்துவத்தில் காலத்தின் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



அறிவியலைத் தமிழில் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. அதனால் இன்று மக்கள் காசும் நம்பிக்கையும் சேர்ந்து புழங்கும் ஒரு துறையைப் பற்றிப் பேச விரும்பினேன். ஸ்டெம் செல் சிகிச்சை, பி.ஆர்.பி. ஊசி, மஜ்ஜை மாற்றம், குருத்தெலும்பு வளர்ப்பு என்று பல பெயர்களில் நம் காதில் விழும் சிகிச்சைகளின் பொதுப்பெயர் மீளுருவாக்க மருத்துவம். கெட்டுப்போன உறுப்பை எடுத்துவிட்டு உலோகமோ பிளாஸ்டிக்கோ வைப்பதற்கு மாறாக, உடலின் சொந்த உயிரணுக்களைக் கொண்டே திசுவை மறுபடி உருவாக்க முயல்வது அதன் வழி.

இந்தத் துறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உயிரணுவைச் சுற்றியே நடக்கிறது. எங்கிருந்து எடுக்கிறார்கள், எத்தனை கோடி செலுத்துகிறார்கள், எந்த நாட்டுத் தொழில்நுட்பம் என்றெல்லாம் கேட்கிறோம். ஊசி போடுவதற்கு முந்தைய மாதங்களில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. வலி எப்போது தொடங்கியது, யார் பார்த்தார்கள், என்ன பரிசோதனை எடுத்தார்கள், நோயின் பெயர் எந்தத் தேதியில் உறுதியானது என்ற கேள்விகளின் விடைகளே சிகிச்சையின் முடிவைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல நோய்களில் கண்டறிதல் தாமதமானால் சிகிச்சை கடினமாகும். மீளுருவாக்க மருத்துவத்தில் தாமதமானால் சிகிச்சைக்கே அடிப்படை இல்லாமல் போகும். உயிரணுவைக் கொடுத்துவிடலாம். அது குடியேற ரத்த ஓட்டமுள்ள இடம் வேண்டும், வடிவம் குலையாத சட்டகம் வேண்டும், அழற்சி தணிந்த சூழல் வேண்டும். இவை மூன்றும் நாளாக நாளாகக் குறைபவை. ஆகவே இந்த மருத்துவத்தில் நோயறிதலைச் சிகிச்சையின் முதல் பகுதியாகவே கொள்ள வேண்டும். இதை ஏழு கூறுகளாக விளக்குகிறேன்.

1. ஒரே சிகிச்சை, இரண்டு முடிவுகள்

என் கருத்துக்கு மிகத் தெளிவான சான்று இடுப்பு மூட்டில் கிடைக்கிறது. தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். மூட்டுக் கிண்ணத்துக்குள் சுழலும் இதைப் பந்து என்றே மக்கள் சொல்கிறார்கள். இந்தப் பந்துக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. ஒன்று அடைபட்டால் ஈடுகட்ட மாற்றுப் பாதை போதாது. ரத்தம் நின்றால் எலும்பின் ஒரு பகுதி உயிரிழக்கிறது. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.வி.என். என்று சொல்வது இதைத்தான். அதிக அளவு ஸ்டீராய்டு, நெடுநாள் மதுப்பழக்கம், அரிவாள் அணு ரத்தசோகை, தொடைக் கழுத்து எலும்பு முறிவு ஆகியவை முக்கியக் காரணங்கள். 20 வயதிலிருந்து 50 வயதுக்குள், உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தில் இருப்பவர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது.

உயிரிழந்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை. உடல் இறந்த பகுதியை அரித்து அகற்றிக்கொண்டே புது எலும்பை இட முயல்கிறது. அகற்றும் வேலை முந்திவிட்டால் உட்புறம் பலவீனப்படும். அடிமண் அரிக்கப்பட்ட ஆற்றங்கரையைப்போல், மேலே குருத்தெலும்பு வழவழப்பாகத் தெரியும்போதே கீழே விரிசல் ஓடும். ஒரு நாள் உடல் எடை தாங்காமல் பந்து சப்பையாகும்.

இந்தப் போக்கை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் எக்ஸ்ரே இயல்பாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே நோய் தெரியும். இரண்டாவதில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தாலும் பந்தின் வடிவம் கெட்டிருக்காது. மூன்றாவதில் விரிசலும் சரிவும் தெரியும். நான்காவதில் எதிரே உள்ள கிண்ணமும் தேய்ந்துவிடும்.

பிரான்சைச் சேர்ந்த பிலிப் எர்னிகு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதில் உள்ள உயிரணுக்களைச் செறிவாக்கி, பந்தில் துளையிட்டுச் செலுத்தும் முறையைப் பரவலாக்கியவர். 2002இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 189 இடுப்பு மூட்டுகளின் விவரம் இருக்கிறது. பந்து சரிவதற்கு முன், முதல் இரண்டு நிலைகளில், சிகிச்சை பெற்றவை 145. அவற்றில் 9 மூட்டுகளுக்கே பின்னர் செயற்கை மூட்டு தேவைப்பட்டது. சரிந்த பின் சிகிச்சை பெற்றவை 44. அவற்றில் 25 மூட்டுகளைச் செயற்கை மூட்டாக மாற்ற வேண்டியதாயிற்று. முதல் குழுவில் ஏறத்தாழ 6 விழுக்காடு, இரண்டாவது குழுவில் ஏறத்தாழ 57 விழுக்காடு. மருத்துவர் ஒருவரே, முறையும் ஒன்றே. வேறுபட்டது நோய் எந்த நிலையில் அவரிடம் வந்தது என்பது.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது என்று கேட்பவர்களுக்குப் பெல்ஜியத்திலிருந்து விடை இருக்கிறது. 2004இல் வெளியான சிறிய முன்னோட்ட ஆய்வு ஒன்றில், தொடக்க நிலையில் இருந்த 18 மூட்டுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வெறுமனே துளையிட்டு அழுத்தம் குறைத்த 8 மூட்டுகளில் 5 இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் நிலைக்குப் போயின. மஜ்ஜை அணுக்களும் சேர்த்துச் செலுத்திய 10 மூட்டுகளில் ஒன்று மட்டுமே அப்படிப் போனது. அந்த ஆய்வில் பங்கேற்ற ஓசேர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பிற்காலத்தில் மூன்றாம் நிலை நோயாளிகளிடம் இதே அணுக்களைச் சோதித்தார்கள். யாருக்கு எது செலுத்தப்பட்டது என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாத முறையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது: பயன் இல்லை. தொடக்கத்தில் கைகொடுத்த அணுக்கள், சரிந்த எலும்பில் கைகொடுக்கவில்லை.

2. தாமதம் எங்கே நுழைகிறது

முதல் நிலையிலேயே ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? வெளிநோயாளர் பிரிவில் பணியாற்றும் எவரும் அடையாளம் காணக்கூடிய பாதை ஒன்றைச் சொல்கிறேன்.

35 வயதுள்ள ஒருவருக்கு நடக்கும்போது முழங்காலில் வலிக்கிறது. சில சமயம் தொடை இடுக்கிலும் பிடிக்கிறது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், இடுப்பின் வலியை முழங்காலில் உணர்வது வழக்கம். அவருக்கு இது தெரியாது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். எண்ணெய் தேய்க்கிறார். இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் முழங்காலை அழுத்திப் பார்த்து முழங்காலுக்கே எக்ஸ்ரே எழுதுகிறார். ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் வருகிறது. இன்னும் சில மாதம் மாத்திரை, பிறகு முழங்காலிலேயே ஓர் ஊசி. நொண்டத் தொடங்கிய பிறகுதான் இடுப்பை யாரோ படம் எடுக்கிறார்கள். அதற்குள் பந்து சப்பையாகிவிட்டது.

இந்தப் பாதையில் மூன்று வகைத் தாமதங்கள் கலந்திருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு நாள் கடத்துவது நோயாளியின் தாமதம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது விருப்பத்தால் நேர்வதில்லை; ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இடுப்பை அசைத்துப் பார்க்காதது மருத்துவரின் தாமதம். படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, காலை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால் போதும். திருப்பும்போது வலித்தாலோ, திரும்பும் அளவு மறு காலைவிடக் குறைந்திருந்தாலோ இடுப்பில் கோளாறு என்று தெரியும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும். எம்.ஆர்.ஐ. எழுதிய பின்னும் முறை வருவதற்குக் காத்திருப்பது அமைப்பின் தாமதம்.

கேட்கப்படாத ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ‘ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா?’ தோல் நோய்க்கும், சிறுநீரக நோய்க்கும், லூபஸ் போன்ற நோய்களுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அதை எடுத்தவருக்கு இடுப்பு வலி வந்தால் காத்திருக்கக் கூடாது. கொரோனா காலம் இதை நினைவூட்டியது. நோய் தணிந்த பின் பந்து எலும்பு உயிரிழந்த மூன்று பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். கொரோனா உறுதியானதிலிருந்து சராசரியாக 58 நாள்களில் அவர்களுக்கு அறிகுறி தென்பட்டது. எம்.ஆர்.ஐ. மூலம் விரைவில் கண்டறிந்ததால் தொடக்க நிலையிலேயே மருந்து தொடங்க முடிந்தது.

நம் மாநிலத்துக்கு நேர்த் தொடர்புள்ள இன்னொரு காரணம் அரிவாள் அணு ரத்தசோகை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் பதிவு செய்யப்பட்டது. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக இயங்கும் அஸ்வினி மருத்துவமனை இந்நோயாளிகளை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறது. 2023இல் மத்திய அரசு அரிவாள் அணு ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, பெரிய அளவில் ரத்தப் பரிசோதனை செய்கிறது. பரிசோதித்து அட்டை கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. வளைந்த சிவப்பணுக்கள் பந்தின் சிறு குழாய்களை அடைப்பதால் இளம் வயதிலேயே இடுப்பு சரிகிறது. அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரின் இடுப்பையும் ஒவ்வொரு வருகையிலும் திருப்பிப் பார்ப்பது அந்த இயக்கத்தின் பணியாக வேண்டும்.

3. காத்திருப்பு நோயாளியையே மாற்றிவிடுகிறது

மீளுருவாக்க மருத்துவத்தில் மிகப் பழையதும் மிக உறுதியாக நிலைநாட்டப்பட்டதும் ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இது 1986இலிருந்து நடந்து வருகிறது. இங்கும் காலத்தின் கணக்கு மாறுவதில்லை.

தாலசீமியா மேஜர் நோயோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சோகை முற்றும். வெளிறிய குழந்தையைக் கண்டதும் இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு செய்து டானிக் கொடுப்பது எளிது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்தால் உண்மை தெரிந்துவிடும். தெரியாதவரை குழந்தை ஊரூராக அலைகிறது. ரத்தம் ஏற்ற ஏற்ற இரும்பு உடலில் சேர்கிறது. அதை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் கல்லீரல் வீங்கி, தழும்பேறுகிறது.

இத்தாலியின் பெசாரோ நகரில் குய்தோ லுக்கரெல்லி இந்தக் குழந்தைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படாமை ஆகிய மூன்றும் அளவுகோல்கள். 1990இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, இவற்றில் ஒன்றும் இல்லாத குழந்தைகளில் 94 விழுக்காட்டினர் மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தனர். மூன்றும் சேர்ந்திருந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் அந்த அளவு 53 விழுக்காடாக இறங்கியது. இந்த அளவுகோல்களில் எதுவும் பிறவியில் வந்ததன்று. மூன்றுமே காத்திருந்த காலத்தில் சேர்ந்தவை.

வேலூர் மருத்துவர்கள் 2007இல் இந்தப் பகுப்பை இன்னும் கூர்மையாக்கினர். மூன்றாம் வகுப்பிலேயே 7 வயதும் அதற்கு மேலும் ஆகி, கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 5 செ.மீ.யும் அதற்கு மேலும் வீங்கியிருந்த குழந்தைகளே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள் என்று காட்டினர். நமது குழந்தைகளிடமிருந்து பெற்ற அறிவு அது. பெசாரோவில் கண்ட உண்மை நம் ஊரில் இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது என்பதற்கான ஆவணம் அது. அண்ணனோ தங்கையோ மஜ்ஜை கொடுக்கத் தயாராக இருந்தாலும், கல்லீரல் காத்திருந்த காலத்தைத் திருப்பித் தராது.

4. என்ன கெட்டது என்று சரியாக அறிதல்

தாமதம் என்பதை நாள்கணக்காக மட்டும் எண்ணக் கூடாது. நோயைத் தவறாகப் பெயரிட்டு, அந்தப் பெயருக்கு உரிய சிகிச்சையைச் செய்துகொண்டிருப்பதும் தாமதம். கண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் விளிம்பில் இருக்கின்றன. சுண்ணாம்பு, அமிலம், காரம் தெறித்து அந்த விளிம்பு வெந்துபோனால், கருவிழி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. வெள்ளைவிழியை மூடியிருக்கும் படலம் ரத்த நாளங்களோடு அதன்மேல் வளர்ந்துவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும் குழந்தைகளுக்கு இந்த விபத்து நேர்கிறது. முதல் சில நிமிடங்களில் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருப்பதும், இமையைப் புரட்டிச் சுண்ணாம்புத் துணுக்குகளை எடுப்பதும் பிற்காலத்தில் எந்த ஸ்டெம் செல் சிகிச்சையாலும் ஈடு செய்ய முடியாத பலனைத் தரும்.

விளிம்பு கெட்டதை உணராமல், மங்கலான கருவிழியை மட்டும் பார்த்து, கண்தானத்தில் கிடைத்த கருவிழியைப் பொருத்தினால் என்ன ஆகும்? மேற்பரப்பைப் புதுப்பிக்கும் அணுக்கள் இல்லாததால் புதுக் கருவிழியும் மங்கிப்போகும். நோயாளி ஓர் அறுவைச் சிகிச்சையையும் சில ஆண்டுகளையும் இழப்பார். கொடையாளியின் கருவிழியும் வீணாகும். கருவிழியின்மேல் எந்த வகை அணுக்கள் வளர்ந்திருக்கின்றன என்று ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

குறையைச் சரியாக அறிந்தவருக்கு இன்று வழி இருக்கிறது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. சதுர அளவே உள்ள திசுவை எடுத்து, சிறு துண்டுகளாக்கி, பாதிக்கப்பட்ட கண்ணில் பனிக்குடச் சவ்வின்மேல் ஒட்டும் முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் வீரேந்தர் சங்வானும் குழுவினரும் 2012இல் வெளியிட்டனர். ஆய்வகத்தில் வளர்க்கும் பெருஞ்செலவு இதற்குத் தேவையில்லை. இந்திய மருத்துவம் உலகுக்குக் கொடுத்த எளிய, மலிவான முறை இது. ஆனால் யாருக்கு விளிம்பு கெட்டிருக்கிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது, மறு கண் முழுமையாக நலமா என்ற மூன்றும் தெரிந்த பின்பே இதைச் செய்ய முடியும்.

5. மருத்துவமனையே தாமதத்துக்குக் காரணமாகும்போது

நண்பர்களே, இதுவரை சொன்ன தாமதங்கள் மீளுருவாக்க மருத்துவமனைக்கு வருவதற்கு முன் நேர்பவை. அந்த மருத்துவமனைக்குள் நுழைந்த பின் நேரும் தாமதத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ‘முழங்கால் வலிக்கு ஊசி’ என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகிறவர், தன் நோய் இன்னதென்று தானே முடிவு செய்து ஊசி கேட்டு வருகிறார். மருத்துவமனையும் கேட்டதைக் கொடுத்துவிட்டால், நோயறிதல் என்ற வேலையை யாருமே செய்யவில்லை.

பி.ஆர்.பி. என்பது நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு. அது ஸ்டெம் செல் அல்ல. தேய்மானம் தொடங்கிய சில மூட்டுகளில் வலியைக் குறைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரே முழங்கால் மாதக்கணக்கில் வீங்கியிருந்தால் அது காசநோயாக இருக்கலாம். 15 வயதுச் சிறுவனுக்கு இரவில் முழங்கால் வலித்தால் எலும்புப் புற்றாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் பல மூட்டுகள் விறைத்திருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டுச் சிதைவைத் தடுக்க முடியும். இவற்றில் எதற்கும் பி.ஆர்.பி. மருந்தன்று. மூன்று ஊசி, ஊசிக்கு ஊசி ஒரு மாத இடைவெளி என்று போனால், இழந்த காலத்தை யார் கணக்கில் எழுதுவது?

அவசரமாகச் செய்யும் முதல் சிகிச்சை அடுத்த சிகிச்சையின் கதவையும் மூடலாம். குருத்தெலும்பில் பள்ளம் விழுந்த முழங்காலில், எலும்பில் சிறு துளைகளிட்டு மஜ்ஜையைக் கசியவிடும் முறை ஒன்று உண்டு. ஏற்கெனவே அந்த முறைக்கு உட்பட்ட மூட்டுகளில் பிறகு குருத்தெலும்பு அணுக்களை வளர்த்து வைத்தால் 26 விழுக்காடு தோல்வி. முதலிலேயே அணுக்களை வைத்த மூட்டுகளில் 8 விழுக்காடு தோல்வி. அமெரிக்காவில் டாம் மைனாஸ் குழுவினர் 2009இல் காட்டிய கணக்கு இது. பள்ளத்தின் அளவையும் அடியில் உள்ள எலும்பின் நிலையையும் அளந்து திட்டமிடாமல் எதையோ செய்து பார்ப்பது, நல்ல சிகிச்சைக்கான நிலத்தைக் கெடுத்துவிடும்.

நிரூபிக்கப்படாத சிகிச்சைகள் இதைவிடப் பெரிய காலத் திருட்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை ஏற்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதை விளம்பரப்படுத்துவதே தொழில் ஒழுக்கக் கேடு என்றது. அந்தக் குழந்தைக்கு உண்மையில் உதவுபவை பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி. அவற்றுக்கு உரிய காலம் முதல் சில ஆண்டுகள். பெற்றோர் நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிக் காத்திருக்கும் மாதங்களில் குழந்தை இழப்பது அந்தப் பருவத்தை.

உடலுக்கு நேரடித் தீங்கும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில், விழித்திரைத் தேய்மானம் உள்ள மூன்று முதிய பெண்களுக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். மூவரும் பெருமளவு பார்வையை இழந்தார்கள். 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் வழக்கமான மருத்துவம். மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்யப்பட்ட ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வில் சேர்பவரிடம் சோதனைச் சிகிச்சைக்காகக் கட்டணம் வாங்குவது முறையன்று.

6. விரைவும் அவசரமும்

காலத்தை வலியுறுத்தும் என் பேச்சை ‘உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்’ என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. விரைவு வேண்டியது நோயைக் கண்டறிவதில். சிகிச்சைக்கு அந்தந்த நோய்க்கு உரிய நேரம் உண்டு. வெந்த கண்ணில் அழற்சி தணியும்வரை ஸ்டெம் செல் மாற்றத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். பந்து எலும்பில் பாதித்த இடம் சிறியதாக இருந்து வலியும் இல்லையென்றால், அளவான இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதே சரியாக இருக்கலாம். முழங்கால் தேய்மான வலிகள் பலவற்றைத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் தணிக்கும். நோயின் பெயரும் நிலையும் தெரிந்து காத்திருப்பது கண்காணிப்பு. தெரியாமல் காத்திருப்பது புறக்கணிப்பு.

இன்னொரு நேர்மையும் வேண்டும். பந்து சரிந்துவிட்டது என்று தெரிந்த பின் உயிரணு என்ற பெயரில் நோயாளியை நிறுத்திவைக்கக் கூடாது. செயற்கை மூட்டு மாற்றம் நன்கு நிலைநாட்டப்பட்ட அறுவைச் சிகிச்சை. வலியைப் போக்கி நடக்க வைக்கும். ‘உங்களுக்கு எங்கள் சிகிச்சை பொருந்தாது’ என்று சொல்லி அனுப்பும் மீளுருவாக்க மருத்துவமனையே நம்பத் தகுந்தது.

7. செய்ய வேண்டியவை

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி என்று வரும் ஒவ்வொருவரின் இடுப்பையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டீராய்டு, மது, அரிவாள் அணு மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்று இருந்து இடுப்பு வலித்தால், எக்ஸ்ரே இயல்பு என்று அனுப்பிவிடாமல் எம்.ஆர்.ஐ. எழுதுங்கள். இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்; அடிபடாமல் வரும் இந்த நோய் பெரும்பாலும் மறுபக்கத்திலும் இருக்கும், அங்கே இன்னும் தொடக்க நிலையில் இருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதுபவர்கள் ‘தொடை இடுக்கில் வலித்தால் உடனே வாருங்கள்’ என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

மீளுருவாக்க மருத்துவமனைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு குறிப்புகளைப் பதிவு செய்ய வேண்டும்: அறிகுறி தொடங்கிய மாதம், நோய் உறுதியான தேதி, அப்போதைய நிலை, சிகிச்சை நடந்த தேதி. முடிவுகளை வெளியிடும்போது நிலைவாரியாக வெளியிட வேண்டும். எல்லா நிலைகளையும் கலந்து ‘இத்தனை விழுக்காடு வெற்றி’ என்று சொல்லும் எண் யாருக்கும் பயன்படாது.

அரசுக்கு ஒரு கருத்து. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். மூட்டு வலிக்காரரை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பல கிராமங்களில் அவர்தான். இடுப்பைச் சோதிக்கும் பயிற்சியையும், சந்தேகம் வந்தால் நேரே எம்.ஆர்.ஐ. உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்தால், நோயாளி அலையும் மாதங்கள் குறையும்.

பொதுமக்களுக்குக் கடைசியாக. இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஐயா, என் நோயின் பெயர் என்ன? அது எந்த நிலையில் இருக்கிறது? அந்த நிலையில் இந்தச் சிகிச்சை பயன் தரும் என்பதற்குச் சான்று என்ன? இது ஒப்புதல் பெற்றதா, ஆய்வா, ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? நான்குக்கும் தெளிவான விடை எழுத்தில் கிடைக்கும்வரை பணமும் கட்டாதீர்கள், ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் ஒரு வாரம்கூட வீணாக்காமல் வேறு மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் எலும்புக்கும் ரத்தத்துக்கும் கண்ணுக்கும் அந்த ஒரு வாரம் வேண்டும்.